எக்ஸ்-சர்வீஸ்மேன் வீட்டுக்கு வைத்தியமும் படிப்பும்: பெங்களூரில் யாரிடம் போய் எதைக் கேட்பது

அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையா பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு 'தம்பி' வீடு இருக்கும். ராணுவத்தின் இன்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்களைத்தான் தம்பி என்பார்கள். அந்த சென்டர் இங்கேயே இருப்பதால் வேலூர், திருவண்ணாமலை பக்கமிருந்து பட்டாளத்துக்கு வந்தவர்கள் பென்ஷன் வாங்கியதும் ஊர் திரும்பாமல் இங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டார்கள். என் அப்பாவும் அப்படித்தான், ஹவில்தாராக வெளியே வந்தவர். அவருடைய ஃபாரங்களை நிரப்ப ஆரம்பித்து, இப்போது தெருவில் பாதிப் பேருடைய ஃபாரம் என் கைக்கு வருகிறது. அதில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கேண்டீன் கார்டு விஷயத்தில் நம் ஆட்களை யாரும் ஏமாற்ற முடியாது, எந்த மாதம் எந்த சாமான் வருகிறது என்பது வரை அத்துப்படி. ஆனால் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான வைத்தியத் திட்டம்), பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் என்று வந்தால் மட்டும் 'அதெல்லாம் ஆபீசருங்களுக்குத்தான் கிடைக்கும்' என்று ஒரு பேச்சு. அது தப்பு. நான் பார்த்தவரை பணம் கிடைக்காமல் போனவர்களில் தகுதி இல்லாதவர்கள் ரொம்பக் குறைவு. பேப்பரில் பெயர் ஒத்துப்போகாததால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம்.

அதனால் முதலில் பேப்பர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), வீட்டில் எல்லோருடைய ஆதார், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள். ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், பிறந்த தேதியையும்தான்.

நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு, இனிஷியல். முருகன் என்பவர் டிஸ்சார்ஜ் புக்கில் வெறும் முருகன், ஆதாரில் எஸ். முருகன், பேங்கில் முருகன் சுப்பிரமணி. மனைவி பெயர் செல்வி. கல்யாணமான புதிதில் யூனிட்டில் எழுதிக்கொண்ட வடநாட்டு கிளார்க்குக்கு அது ஷெல்வி என்று காதில் விழுந்திருக்கும், அப்படியே எழுதிவிட்டார். முப்பது வருடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இப்போது ஆன்லைனில் கார்டுக்குப் போட்டால் கம்ப்யூட்டர் செல்வியையும் ஷெல்வியையும் இரண்டு பெண்களாகத்தான் பார்க்கிறது.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? ஆதாரில் மாற்றுவது சுலபம், ராணுவ ரெக்கார்டில் மாற்றுவது நாள் பிடிக்கும். அதனால் சின்ன வித்தியாசம், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற அளவு என்றால், ராணுவப் பேப்பரில் உள்ளபடி ஆதாரையும் பேங்கையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பெயரே தப்பாக இருந்தால், பிறந்த தேதி வேறாக இருந்தால், ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத்தான் எழுத வேண்டும். அஃபிடவிட், ஆதார், மார்க்‌ஷீட் அல்லது பிறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புக் நகல், இவற்றோடு ஜில்லா சைனிக் ஆபீஸ் (முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகம்) வழியாக அனுப்பினால் திருத்தம் வரும், பென்ஷன் பேப்பரில் மாற வேண்டியதற்குத் திருத்திய பி.பி.ஓ. வரும். பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் போர்ட்டலில் ஓடுவதால் அதற்குள்ளும் நுழைந்து மனைவி பெயர், பிறந்த தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லைஃப் சர்டிபிகேட் போடுவதற்கு மட்டும் திறந்து மூடிவிடுகிறோம், மற்ற பக்கங்களை யாரும் பார்ப்பதில்லை.

ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் எங்கே என்பது நீங்கள் இருந்த கோர், அதாவது படைப்பிரிவைப் பொறுத்தது. சாப்பர்ஸ் ஆட்களுக்கு அதிர்ஷ்டம், அது இங்கேயே பெங்களூரில். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத். இங்கேயே இருந்தாலும் சரி, ஜபல்பூரில் இருந்தாலும் சரி, கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை அதே ஃபைலில் பின் போட்டு வையுங்கள்.

அடுத்தது பார்ட் டூ ஆர்டர், சர்வீஸ் ரெக்கார்டில் ஏறும் அறிவிப்பு. கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் சர்வீஸில் இருக்கும்போது யூனிட்டில் பார்ட் டூ ஆர்டராக வெளியாகியிருக்க வேண்டும். மூத்தவனுக்குப் போட்டிருப்பார்கள், இரண்டாவது பெண் அப்பா லடாக்கிலோ சிக்கிமிலோ இருக்கும்போது பிறந்திருப்பாள், லீவு கிடைத்து வந்து பார்த்தபோது ஐந்து மாதம், திரும்பிப் போய்ச் சொல்ல மறந்திருப்பார். அந்தப் பெண் காலேஜ் சேரும்போதுதான் இந்த மறதி வெளியே வரும். டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரப் பக்கத்தைத் திறந்து எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். விட்டுப்போயிருந்தால் ஓய்வுக்குப் பிறகும் சேர்க்கலாம், அதே சைனிக் ஆபீஸ், ரெக்கார்ட்ஸ் வழிதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பித்தால் அந்த வருட விண்ணப்பத்துக்குள் முடிவது கஷ்டம்.

இன்னொன்று, பெங்களூர் தமிழர்களுக்கு மட்டும் வரும் கேள்வி. பதிவு வேலூர் ஜில்லா சைனிக் ஆபீஸில் இருக்கிறது, வாழ்வது இங்கே. என்ன செய்வது? மத்திய அரசுத் திட்டங்களுக்கு நீங்கள் எந்த ஆபீஸில் பதிந்திருக்கிறீர்களோ அந்த ஆபீஸ்தான் சான்று தரும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் வேலூருக்கு ரயில் ஏற முடியாது என்றால் பதிவை இங்கே மாற்றிக்கொள்ளலாம். கர்நாடக சைனிக் நலத் துறை ஃபீல்டு மார்ஷல் கரியப்பா ரோட்டில், கரியப்பா பவனில் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு ரெசிடென்சி ரோடு என்றால்தான் புரியும். ஆனால் மாற்றுவதற்கு முன் பிள்ளை எங்கே படிக்கப் போகிறான் என்று யோசியுங்கள். கர்நாடகாவில் கே.ஈ.ஏ. (மாநிலத் தேர்வு ஆணையம்) கவுன்சிலிங்கில் முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கிலும் உண்டு. இரண்டு இடத்திலும் அந்த மாநிலத்தவர் என்பதற்கான நிபந்தனைகள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவு என்றால் வேலூர் பதிவை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

ஈ.சி.எச்.எஸ்.

2003 ஏப்ரல் 1-ல் தொடங்கிய திட்டம். அதற்குப் பிறகு பென்ஷனோடு வெளியே வந்தவர்களுக்குச் சந்தாவை ஓய்வின்போதே பிடித்துவிடுவார்கள். ஒரே ஒரு முறைதான்: ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதாரிலிருந்து சுபேதார் மேஜர் வரை 67,000, ஆபீசர்களுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போரில் இறந்தவர்களின் மனைவிமாருக்கும் சந்தா கிடையாது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் சேராமல் மாதம் 1,000 ரூபாய் மெடிக்கல் அலவன்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சேர்ந்தால் அந்த ஆயிரம் நின்றுவிடும் என்பது உண்மை. அந்த ஆயிரத்தைப் பார்த்து சேராமல் இருப்பது சரியான கணக்கா? பைபாஸ் ஒன்று வந்தால் எத்தனை வருட அலவன்ஸ் அதில் போகும் என்று ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

கார்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மனைவிக்கு உண்டு. மகனுக்கு 25 வயது அல்லது வேலை அல்லது கல்யாணம், எது முதலில் வருகிறதோ அதுவரை. மகளுக்கு வயது வரம்பு இல்லை, கல்யாணமோ சம்பாத்தியமோ வரும்வரை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயதுக் கணக்கு கிடையாது. அப்பா அம்மாவையும் சேர்க்கலாம், அவர்களுக்கு மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த அளவுக்குள் இருக்க வேண்டும். மகன் வேலைக்குச் சேர்ந்ததும் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'இருக்கட்டுமே, யார் கேட்கப் போறாங்க' என்று வைத்திருந்தால் பிறகு பிரச்சினை உங்கள் மெம்பர்ஷிப்புக்குத்தான்.

ஈ.சி.எச்.எஸ்.ஸின் சொந்த கிளினிக்கான பாலிகிளினிக் போகும்போது காலையில் சீக்கிரம் போவது ஒன்றுதான் வழி. டோக்கன், டாக்டர், அப்புறம் மருந்து ஜன்னல். அந்த ஜன்னலில்தான் நம் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். சீட்டில் ஆறு மருந்து, உள்ளே இருப்பது நான்கு. கொடுத்த நான்கையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, மீதி இரண்டையும் வெளியே மெடிக்கல் ஷாப்பில் சொந்தக் காசில் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நகராதீர்கள். 'இல்லாத மருந்துக்கு என்.ஏ. போட்டுக் கொடுங்க' என்று கேளுங்கள், நாட் அவைலபிள் என்பதன் சுருக்கம். சீட்டில் அந்த மருந்துக்கு நேராக என்.ஏ. என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அதற்கென்று ஏற்பாடு செய்த மருந்துக் கடையில் வரவழைப்பார்கள், அங்கேயும் இல்லை என்றால் வெளியே வாங்கி பில்லோடு பணம் கேட்கலாம். முத்திரை இல்லாத சீட்டுக்குப் பணம் வராது. சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் வாங்குபவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

பெரிய வைத்தியம் என்றால் ரெஃபரல், அதாவது பாலிகிளினிக் எழுதித் தரும் பரிந்துரை. ராணுவ ஆஸ்பத்திரியில் வசதியும் இடமும் இருந்தால் முதலில் அங்கே அனுப்பலாம், நமக்கு ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் கமாண்ட் ஹாஸ்பிடல். இல்லையென்றால் எம்பேனல் ஆன, அதாவது திட்டத்தின் லிஸ்டில் உள்ள, தனியார் ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குத்தான், 'நீங்க சொல்றதைப் போடுங்க சார்' என்று சும்மா இருக்காதீர்கள். ஆனால் பெயர் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி லிஸ்டில் இருந்தாலும் உங்கள் நோய்க்கான பிரிவு லிஸ்டில் இருக்கிறதா. இதயத்துக்கு எம்பேனல் ஆன இடம் கேன்சருக்கும் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. அப்புறம், பில் பாக்கி என்று சொல்லி நடுவில் கொஞ்ச நாள் ஈ.சி.எச்.எஸ். ஆட்களை எடுக்காமல் நிறுத்தி வைக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. கிளம்புவதற்கு முன் அவர்களுடைய ஈ.சி.எச்.எஸ். டெஸ்க்குக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். வார்டும் ரேங்க்படிதான்: ஹவில்தார் வரை ஜெனரல், ஜே.சி.ஓ.வுக்கு (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) செமி பிரைவேட், ஆபீசருக்கு பிரைவேட். மேலே வேண்டும் என்று கேட்டால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்றால்

ரெஃபரல் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். எமர்ஜென்சியில் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். எம்பேனல் ஆன இடமென்றால் கார்டைக் காட்டினால் போதும், பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்வது அவர்கள் வேலை, காசு கட்ட வேண்டியதில்லை. எம்பேனல் ஆகாத இடமென்றால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்து பாலிகிளினிக்குக்கு நீங்கள் தகவல் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னாலும் யாரிடம், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, எழுத்திலும் ஒன்று கொடுத்துவிடுங்கள். மொத்த வீடும் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது இது யாருக்கும் ஞாபகம் வராது. அதனால் இந்த வேலை யாருடையது என்று முன்பே சொல்லி வையுங்கள், எங்கள் வீட்டில் அது தம்பியின் பொறுப்பு.

அங்கே பணத்தை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும். திரும்பி வருவது சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் வைத்தியத் திட்டம்) ரேட்டில்தான், பில் மூன்று லட்சம் என்றால் மூன்று லட்சமும் வரும் என்று எண்ணி வட்டிக்கு வாங்காதீர்கள். நிலைமை கட்டுக்குள் வந்ததும் எம்பேனல் ஆன இடத்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், செலவு அங்கேதான் நிற்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது எமர்ஜென்சி சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஐட்டம் வாரியாக ஒரிஜினல் பில்கள், இவை மூன்றும் கையில் இல்லாமல் வெளியே வரக் கூடாது. ஒரு செட் ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும்.

டெபாசிட் விஷயம். நகரத்தின் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில், லிஸ்டில் இருக்கிற இடம்தான், என் மாமனாரை அட்மிட் செய்ய முன்பணம் கேட்டார்கள். 'ஈ.சி.எச்.எஸ். கன்ஃபர்மேஷன் வந்ததும் ரீஃபண்ட் பண்ணிடுவோம் மேடம்.' எழுதிக் கொடுங்கள் என்றேன், கையெழுத்தும் முத்திரையும் வைத்து. அந்தப் பெண் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள், டெபாசிட் பேச்சு அதோடு போய்விட்டது. கத்த வேண்டியதில்லை, எழுத்தில் கேட்டால் போதும்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் பலர் ஈ.சி.எச்.எஸ்.ஸில் வர மாட்டார்கள். அவர்களில் ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு கேந்திரிய சைனிக் போர்டு (கே.எஸ்.பி.) வழியாக மெடிக்கல் கிராண்ட் உண்டு, 50,000 ரூபாய் வரை. 65 வயதைக் கடந்து வருமானமில்லாதவர்களுக்கு மாதாமாத உதவித்தொகையும் இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது 4,000-லிருந்து 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இது தெரியாத பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள், உங்கள் தெருவில் இருந்தால் போய்ச் சொல்லுங்கள்.

70 வயதானவர்களுக்கு ஆயுஷ்மான் கார்டு என்று யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஈ.சி.எச்.எஸ்.ஸில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். என்னைக் கேட்டால் ஈ.சி.எச்.எஸ்.ஸை விடாதீர்கள். அதில் வெளிநோயாளி வைத்தியமும் மாத மருந்தும் இருக்கின்றன. ஆயுஷ்மான் கார்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும்தான் பயன்படும்.

பிள்ளைகள் படிப்பு

இரண்டு திட்டத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் பிரித்துச் சொல்கிறேன்.

ஸ்கூலிலிருந்து சாதாரண டிகிரி வரைக்கும் உள்ளது எஜுகேஷன் கிராண்ட். ஹவில்தார் ரேங்க் வரை, இரண்டு பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து. முன்பு பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய்; இதுவும் 2025 நவம்பர் 1 முதல் தரும் விண்ணப்பங்களுக்கு 2,000. கணவரை இழந்த பெண் தானே இரண்டு வருட முதுநிலைப் படிப்பு படித்தாலும் இது உண்டு, இந்த வரியை யாரும் படிப்பதே இல்லை. பாஸான வகுப்பின் மார்க்‌ஷீட்டோடு கே.எஸ்.பி. இணையதளத்தில் போட வேண்டும், சைனிக் ஆபீஸ் சரிபார்த்து மேலே அனுப்பும்.

இன்ஜினியரிங், மெடிக்கல், பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ., எம்.பி.ஏ. மாதிரித் தொழிற்படிப்புகளுக்கு பிரதம மந்திரி ஸ்காலர்ஷிப். 2006-07-ல் வந்தது. வருடத்துக்கு 5,500 பேர், பாதி பெண்கள். பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிள்ளையின் அக்கவுண்டில் விழும். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், எம்.பி.ஏ., பி.எட். மாதிரி டிகிரிக்குப் பிறகு சேரும் படிப்பென்றால் டிகிரியில். முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், 'செகண்ட் இயர்ல பார்த்துக்கலாம்' என்றால் கதை முடிந்தது. தபால் வழிப் படிப்புக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் கிடையாது. வீரமரணம் அடைந்தவர்கள், பணியால் ஊனமானவர்கள், விருது பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. சாதாரணமாகப் பென்ஷன் வந்த நம்மைப் போன்றவர்கள் கடைசி வரிசை, அங்கே மார்க்தான் பேசும். 60 சதவீதம் என்பது விண்ணப்பிக்கத்தான், கிடைக்க அதற்கு மேல் நிறையவே வேண்டும். கிடைத்த பிறகு வருடாவருடம் 50 சதவீதத்தோடு பாஸாகிப் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் பணம் வந்த சந்தோஷத்தில் இதை மறந்தவர்கள் எனக்கே தெரிந்து இருக்கிறார்கள்.

காலேஜ் போனாஃபைட், சைனிக் ஆபீஸ் கையெழுத்திட்ட சான்று, ஆதார் இணைத்த பிள்ளையின் சொந்த அக்கவுண்ட், மூன்றும் தயாராக இருக்கட்டும். அப்பாவோடு ஜாயிண்ட் அக்கவுண்ட் வேண்டாம். பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு உள்துறை வழியாக வேறு இருக்கிறது.

ஸ்கூல் பக்கம் சுருக்கமாக: கேந்திரிய வித்யாலயாவில் முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் முதல் பிரிவில் வருகிறார்கள், ஆறாவது, ஒன்பதாவது சைனிக் ஸ்கூல் நுழைவுத் தேர்வில் 25 சதவீத ஒதுக்கீடு உண்டு, கர்நாடகத்தில் விஜயபுராவும் குடகும், ஊர்ப்பக்கம் அமராவதிநகரும். போரில் இறந்தவர், காணாமல் போனவர், ஊனமானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தனி, அதிலிருந்த மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பை 2018-ல் எடுத்துவிட்டார்கள்.

வேலை நகரவில்லை என்றால்

பாலிகிளினிக் பிரச்சினைக்கு முதலில் அங்கே பொறுப்பில் இருக்கும் ஓ.ஐ.சி.யைப் பாருங்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆபீசர்தான், எழுதிக் கொடுத்தால் மதிப்பு வேறு. அங்கே நிற்கவில்லை என்றால் பெங்களூரிலேயே ரீஜனல் சென்டர் இருக்கிறது, அதற்கு மேல் டெல்லி. மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் புகார் போர்ட்டலில் போட்டால் நம்பர் வரும், அந்த நம்பருக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். தனித்தனியாகப் புலம்புவதைவிட ஒரே குறையை, உதாரணத்துக்கு ஒரு குறிப்பிட்ட இன்சுலின் பல மாதமாக என்.ஏ.வாகவே இருக்கிறது என்பதை, ஆளுக்கொரு கடிதமாகச் சீட்டு நகலோடு பலபேர் கொடுத்தால் வேகமாக நகர்கிறது. ஏஜெண்ட் பக்கம் போகாதீர்கள். கிராண்டில் பங்கு கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வதும் இதே வெப்சைட்டில் இதே ஃபாரத்தைத்தான்.

கடைசியாக, இதை வீட்டம்மாவுக்கும் காட்டுங்கள். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு, எந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வருகிறது, ஃபைல் எந்த பீரோவில், இதெல்லாம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் போன பிறகு குடும்ப பென்ஷனும் தடுமாறும், மனைவியின் கார்டும் தடுமாறும். மொபைல் நம்பர் மாற்றினால் ஸ்பர்ஷ், ஈ.சி.எச்.எஸ்., கே.எஸ்.பி., பேங்க் நான்கிலும் மாற்றுங்கள். இறப்பு நேர்ந்தால் சான்றிதழ் கைக்கு வந்த உடனே ஸ்பர்ஷிலும் சைனிக் ஆபீஸிலும் பாலிகிளினிக்கிலும் தெரிவித்துவிட வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ் நாலைந்து காப்பி அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், எல்லா ஆபீஸிலும் ஒன்று கேட்பார்கள்.